மற்றவர்கள் பார்வையில் நான், என் பார்வையில் நான்

கேள்வி இதுதான்: ‘வேலை செய்யும் இடத்தில் ஒரு ஆளாக இருக்கிறேன், வீட்டில் வேறு ஆள், பழைய நண்பர்களிடம் இன்னொரு ஆள். எங்கே போனாலும் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்று பார்த்துத்தான் நடந்துகொள்கிறேன். அப்படியானால் நான் என்பது அவர்கள் பிடித்துவைத்த பிள்ளையார்தானா? இந்த வேஷங்களை எல்லாம் கழற்றி வைத்துவிட்டால் உள்ளே மிஞ்சுவது யார்?’

மற்றவர்களின் பார்வை நம்மை உருவாக்குகிறது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அது நேராக வந்து நமக்குள் இறங்கிவிடுவதில்லை. பாதி நம்முடைய சொந்த ஊகமாக வருகிறது. மீதி, அவர்கள் நம்மை நடத்தும் விதமாகவும், நமக்குக் கிடைத்த பொறுப்பு தினமும் நம்மைச் செய்யவைக்கும் வேலையாகவும் வருகிறது. இந்த வழிகளைப் பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டுவதால்தான் ‘உள்ளே யார்’ என்ற கேள்வி இவ்வளவு மிரட்டுகிறது என்று நினைக்கிறேன்.

முதலில் ஊகத்தை எடுத்துக்கொள்வோம். 1902-இல் அமெரிக்கச் சமூகவியலாளர் சார்லஸ் கூலி ஒரு கருத்தைச் சொன்னார். மற்றவர்களைக் கண்ணாடியாக வைத்துத்தான் நாம் நம்மைப் பார்த்துக்கொள்கிறோம் என்பது அது. இந்த ஒரு வரி எல்லோருக்கும் தெரியும். அதற்கு அவர் கொடுத்த விளக்கத்தைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். எதிரே இருப்பவர் கண்ணுக்கு நான் எப்படித் தெரிகிறேன் என்று கற்பனை செய்கிறேன். அதைப் பார்த்து அவர் என்ன முடிவுக்கு வருவார் என்று கற்பனை செய்கிறேன். அப்புறம் அந்தக் கற்பனை முடிவுக்காகப் பெருமைப்படுகிறேன், அல்லது கூனிக் குறுகுகிறேன். இதில் எதிரே இருப்பவர் உண்மையில் என்ன நினைத்தார் என்பது எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். முழு வேலையும் நம் தலைக்குள்ளேயே நடந்து முடிந்துவிடுகிறது.

இது வெறும் தத்துவம் இல்லை. 1979-இல் ஷ்ராகர், ஷோனமன் என்ற இரு உளவியலாளர்கள் அதுவரை வந்திருந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். ஒருவர் தன்னைப் பற்றி நினைப்பதும், ‘மற்றவர்கள் என்னைப் பற்றி இப்படி நினைக்கிறார்கள்’ என்று அவர் நம்புவதும் நன்றாகவே ஒத்துப்போயின. ஆனால் மற்றவர்கள் உண்மையில் நினைத்ததோடு ஒப்பிட்டபோது அப்படிச் சீரான பொருத்தம் எதுவும் தென்படவில்லை. 1993-இல் கென்னியும் டிபாலோவும் இதே விஷயத்தை இன்னும் நுணுக்கமாக ஆராய்ந்தார்கள். பொதுவாக நமக்கு என்ன பெயர் இருக்கிறது என்பது நமக்கு ஓரளவு சரியாகவே தெரிகிறது. ஆனால் குறிப்பிட்ட ஒருவர், மற்றவர்களிடமிருந்து மாறுபட்டு, நம்மைத் தனியாக எப்படிப் பார்க்கிறார் என்பதில் நாம் கிட்டத்தட்டக் குருடர்கள். இதைவிடச் சுவாரசியமான விஷயம் ஒன்று உண்டு. அவர் முகத்தைப் படித்துத்தான் ஊகிக்கிறோம் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலும் நடப்பது அதற்குத் தலைகீழ். நம்மைப் பற்றி நமக்கு ஏற்கெனவே இருக்கும் அபிப்பிராயத்தை எடுத்து அவர் தலைக்குள் வைத்துவிட்டு, ‘அவர் இப்படித்தான் நினைக்கிறார்’ என்கிறோம்.

ஆகவே ‘எல்லோரும் என்னை லாயக்கற்றவன் என்று நினைக்கிறார்கள்’ என்று ஒருவர் சொன்னால், அது எல்லோரையும் பற்றிய செய்தி என்று நான் எடுத்துக்கொள்வதில்லை. அவர் அன்றைக்குத் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதுதான் அதிலிருந்து தெரிகிறது. பாவம், அந்த எல்லோருக்கும் அவரைப் பற்றி நினைக்க நேரமே இருந்திருக்காது. இதற்கும் ஒரு சோதனை உண்டு. தாமஸ் கிலோவிச்சும் அவருடைய சகாக்களும் 2000-இல் வெளியிட்டது. பாரி மேனிலோ என்ற பாடகரின் படம் போட்ட டி-ஷர்ட்டை மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். அந்த வயதுக்காரர்கள் போட்டுக்கொள்ளக் கூச்சப்படும் சட்டை அது. அதை மாட்டிக்கொண்டு மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் போய்விட்டு வரவேண்டும். படத்தில் இருப்பது யார் என்று அங்கிருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் மதிப்பிட்டார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிகூட இல்லை.

சரி, எல்லாம் நம் கற்பனைதான், மற்றவர்கள் நினைப்பது நம்மைத் தொடுவதே இல்லை என்று இங்கேயே முடித்துவிடலாமா? முடியாது. ஏனென்றால் நாம் ஊகிக்காவிட்டாலும், அவர்கள் நினைப்பு அவர்கள் நடத்தையில் கசிந்து நம்மிடம் வந்து சேர்ந்துவிடுகிறது. இதைக் காட்டும் சோதனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது மார்க் ஸ்னைடரும் அவருடைய இரு சகாக்களும் 1977-இல் வெளியிட்டது. முன்பின் அறிமுகமில்லாத ஒரு ஆணும் பெண்ணும் தொலைபேசியில் பத்து நிமிடம் பேசவேண்டும். பேசுவதற்கு முன்னால் ஆணிடம் ஒரு புகைப்படம் கொடுத்து, ‘நீங்கள் பேசப்போவது இவரோடுதான்’ என்று சொன்னார்கள். சிலருக்கு அழகான பெண்ணின் படம், சிலருக்கு அப்படி இல்லாத படம். எதிர்முனையில் பேசிய பெண்ணுக்கும் அந்தப் படத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இப்படி ஒரு படம் இருப்பதே அந்தப் பெண்ணுக்குத் தெரியாது.

பிறகு பெண்ணின் பேச்சை மட்டும் தனியாகப் பிரித்து, விவரம் தெரியாத வேறு சிலருக்குப் போட்டுக் காட்டினார்கள். அழகி என்று ஆண் நம்பியிருந்த பெண்களின் பேச்சு, கேட்டவர்களுக்கும் அதிகக் கலகலப்பாக, நட்பாக, தன்னம்பிக்கையோடு ஒலித்தது. ஆணின் குரலில் இருந்த உற்சாகம் அந்தப் பெண்ணிடமிருந்து அப்படி ஒரு ஆளை வெளியே கொண்டுவந்துவிட்டது. யாரோ நீட்டிய படம் ஒன்றுதான் காரணம் என்று தெரிய அந்தப் பெண்ணுக்கு வழியே இல்லை. ‘நான் நன்றாகப் பேசுகிறவள்தான்’ என்றுதான் நினைத்திருப்பாள். இதுவே பத்து நிமிடத்துக்குப் பதிலாகப் பத்து வருடம் நடந்தால் எப்படியிருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர் எதிர்பார்ப்பு பற்றி ரோசென்தாலும் ஜேக்கப்சனும் 1968-இல் வெளியிட்ட ஆய்வை இதே வரிசையில் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். சீட்டுக் குலுக்கிப்போட்டதுபோல் தேர்ந்தெடுத்த சில பிள்ளைகளை ‘இவர்கள் இந்த வருடம் மிகவும் முன்னேறுவார்கள்’ என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள், அவர்களுடைய நுண்ணறிவு மதிப்பெண் நிஜமாகவே உயர்ந்தது என்பது கதை. அந்த ஏற்றம் பெரும்பாலும் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம்தான் தெரிந்தது. பின்னால் வந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தால், விளைவு உண்டு, ஆனால் பொதுவாகச் சிறியது. எதிர்பார்த்தாலே போதும், யாரையும் எப்படியும் மாற்றிவிடலாம் என்று மேடையில் முழங்குகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

அடுத்தது பொறுப்பு, பதவி, உறவில் நமக்கு இருக்கும் இடம். ஒரு நாற்காலியில் உட்கார்ந்தால் ஆள் மாறிவிடுவான் என்று சும்மா சொல்வதுண்டு. அதை ஒருவர் உட்கார்ந்து அளந்தே பார்த்தார். சீமோர் லீபர்மன் 1951-இல் அமெரிக்கத் தொழிற்சாலை ஒன்றில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களிடம் நிர்வாகத்தைப் பற்றியும் சங்கத்தைப் பற்றியும் கருத்துக் கேட்டுப் பதிவு செய்தார். அதற்கடுத்த ஒரு வருடத்துக்குள் அவர்களில் 23 பேர் ஃபோர்மேன் ஆனார்கள், 35 பேர் சங்கப் பிரதிநிதிகள் ஆனார்கள். மறுபடி கேட்டபோது ஃபோர்மேன்கள் நிர்வாகத்தின் பக்கம் தெளிவாகச் சாய்ந்திருந்தார்கள். சங்கப் பிரதிநிதிகள் சங்கத்தின் பக்கம் நகர்ந்திருந்தார்கள். பதவிக்கு வரும் முன்பு இரண்டு தரப்பும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் பேசிக்கொண்டிருந்தன.

இதோடு நின்றிருந்தால் ‘காரியவாதிகள், பதவி கிடைத்ததும் பேச்சை மாற்றிவிட்டார்கள்’ என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் பின்பாதி ஒன்று இருக்கிறது. வியாபாரம் மந்தமானது, ஆட்குறைப்பு நடந்தது, 1954-க்குள் அந்த ஃபோர்மேன்களில் சிலர் பழையபடி தொழிலாளர் வரிசைக்கே திரும்பினார்கள். கருத்தும் அவர்களோடு திரும்பி வந்தது. ஃபோர்மேனாகவே தொடர்ந்தவர்கள் நிர்வாகச் சார்பிலேயே நின்றார்கள்.

இவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை, நடிக்கவும் இல்லை என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். ஃபோர்மேன் ஆனவுடன் கையில் வரும் தகவல் மாறுகிறது. யாரோடு உட்கார்ந்து பேசுகிறோம் என்பது மாறுகிறது. எது நடந்தால் தனக்குத் தலைவலி என்பது மாறுகிறது. நேற்று வரை நியாயமாகத் தெரிந்த ஒரு விடுப்பு, இன்று உற்பத்திக் கணக்கில் விழும் ஓட்டையாகத் தெரிகிறது. தினமும் இப்படி நூறு சின்ன முடிவுகளை எடுத்துவிட்டு, பிறகு ஒருநாள் ‘நான் என்ன நம்புகிறேன்’ என்று தன்னையே கேட்டால், அந்த முடிவுகளுக்குப் பொருத்தமாகத்தான் பதில் வரும். பெற்றோர் ஆனவர்களுக்கும் இதேதான் நடக்கிறது. நோயாளியைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு திடீரென்று தலையில் விழுந்தவர்களுக்கும் இதேதான். முதலில் கை பழகுகிறது, மனசு பின்னாலேயே வந்து சேர்ந்துகொள்கிறது.

இந்த இடத்தில் யாராவது ஸ்டான்ஃபோர்டு சிறைச் சோதனையைக் கொண்டுவருவார்கள். 1971-இல் ஃபிலிப் சிம்பார்டோ மாணவர்களைக் காவலர், கைதி என்று பிரித்துப் போலிச் சிறையில் வைத்தார். இரண்டு வாரம் நடக்கவேண்டிய சோதனை ஆறே நாளில் நிறுத்தப்பட்டது. காவலர் வேஷம் போட்டவர்கள் தாமாகவே கொடூரமானவர்களாக மாறினார்கள் என்று வெகுகாலம் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. எனக்கு அதில் நம்பிக்கை போய்விட்டது. எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று காவலர்களுக்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுத்திருந்ததை ஆவணங்களைத் தோண்டி எடுத்த ஆய்வுகள் பின்னாளில் காட்டின. பிபிசி ஒளிபரப்புக்காக ஹாஸ்லமும் ரைஷரும் நடத்திய இதேபோன்ற ஒரு சோதனையில் கதையே வேறு. அங்கே காவலர்களுக்குத் தங்கள் பாத்திரத்தோடு ஒட்டவே முடியவில்லை, கடைசியில் அதிகாரம் அவர்கள் கையை விட்டுப் போனது. சீருடை ஆளைத் தானாக விழுங்கிவிடுவதில்லை. அந்தச் சீருடையை அவன் தன்னுடையது என்று ஏற்றுக்கொண்டானா என்பதைப் பொறுத்திருக்கிறது.

இனி, ‘இடத்துக்கு ஒரு ஆளாக இருக்கிறேனே, நான் போலியா?’ என்ற பயத்துக்கு வருகிறேன். வில்லியம் ஜேம்ஸ் 1890-லேயே, ஒரு மனிதனை எத்தனை பேர் அறிந்திருக்கிறார்களோ அத்தனை சமூக ‘நான்’கள் அவனுக்கு உண்டு என்று எழுதிவிட்டார். அவர் அதை ஒரு நோயாகச் சொல்லவில்லை. எல்லோரும் இப்படித்தான் என்று விவரித்தார், அவ்வளவுதான். குழந்தையிடமும் மேலதிகாரியிடமும் ஒரே மாதிரி பேசுகிற ஒருவரை நீங்கள் சந்தித்தால் ‘என்ன ஒரு உண்மையான மனிதர்’ என்று மெச்சமாட்டீர்கள். ஏதோ கோளாறு என்றுதான் நினைப்பீர்கள்.

அன்றாட வாழ்க்கையை நாடக மேடையாக விவரித்த எர்விங் காஃப்மனையும் இந்த விஷயத்தில் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். எல்லாமே நடிப்பு, உள்ளே ஒன்றுமில்லை என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். 1961-இல் அவர் எழுதிய ஒரு கட்டுரை வேறு ஒன்றைக் காட்டுகிறது. குடைராட்டினக் குதிரையில் ஏறும் சின்னக் குழந்தை அதிலேயே முழுதாக மூழ்கிவிடும், அந்த நேரத்துக்கு அது குதிரைவீரன்தான். கொஞ்சம் வளர்ந்த பையன் கையை விட்டுவிட்டு ஓட்டுவான், சேட்டை செய்வான், ‘இதெல்லாம் எனக்கு ஒரு விஷயமா’ என்று முகத்தை வைத்துக்கொள்வான். சவாரி என்னவோ இரண்டு பேருக்கும் ஒன்றுதான். ஆனால் இரண்டாமவன் தனக்கும் அந்தப் பாத்திரத்துக்கும் நடுவே ஒரு இடைவெளியை எல்லோருக்கும் தெரியும்படி காட்டுகிறான். அறுவை சிகிச்சை அறையில் தலைமை மருத்துவர் அடிக்கும் ஜோக்குகளையும் காஃப்மன் இதே வகையில் சேர்க்கிறார். அந்த ஜோக் வேலையைக் கெடுப்பதில்லை. கூட நிற்பவர்களின் இறுக்கத்தைத் தளர்த்தி, வேலை நடக்க உதவுகிறது.

நீங்கள் தேடும் ‘நான்’ பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் தட்டுப்படும் என்பது என் கருத்து. எந்தப் பொறுப்பில் அப்படியே கரைந்துபோகிறீர்கள், எதில் ஒரு காலை வெளியே வைத்தே நிற்கிறீர்கள், எந்த வார்த்தையை எவ்வளவு வற்புறுத்தினாலும் சொல்லமாட்டீர்கள் என்பதையெல்லாம் பாத்திரம் எழுதிக்கொடுப்பதில்லை. ஒரே பதவியில் இருக்கும் பத்துப் பேர் பத்து விதமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். ஜார்ஜ் ஹெர்பர்ட் மீட் என்ற தத்துவவாதி இதை வேறு மொழியில் சொன்னார். அவர் 1931-இல் இறந்தபின், மாணவர்களின் வகுப்புக் குறிப்புகளிலிருந்து தொகுத்து 1934-இல் வெளியான நூலில் இருக்கிறது. ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்’ என்று நாம் சொல்கிறோமே, அந்த நாலு பேரைக் குழந்தை விளையாட்டு வழியாகவே தனக்குள் குடியேற்றிக்கொள்கிறது என்றார். ஆனால் மனிதனுக்குள் அந்த நாலு பேருக்குப் பதில் சொல்லும் ஒரு பகுதியும் இருக்கிறது. அது என்ன பதில் சொல்லும் என்பது சொல்லி முடிக்கும் வரை அவனுக்கே தெரியாது.

மற்றவர்கள் பிசைந்தபடி எல்லாம் வளையும் களிமண் அல்ல நாம் என்பதற்கு இன்னொரு ஆதாரமும் இருக்கிறது. அது அவ்வளவு சந்தோஷமான ஆதாரம் இல்லை. வில்லியம் ஸ்வான் 1980-களிலிருந்து காட்டிவருவது இது: நம்மைப் பற்றி நாம் ஏற்கெனவே நம்புவதை உறுதிப்படுத்துகிறவர்களைத்தான் நாம் தேடிப் போகிறோம், அந்த நம்பிக்கை மோசமானதாக இருந்தாலும்கூட. 1992-இல் அவரும் சகாக்களும் திருமணமானவர்களை வைத்துச் செய்த ஆய்வில், தன்னைத் தாழ்வாக நினைப்பவர்கள், தங்களைத் தாழ்வாகவே மதிக்கும் துணையிடம்தான் கூடுதல் பிடிப்போடு இருந்தார்கள். பின்னால் அவர்கள் செய்த இன்னொரு ஆய்வில், காதலிக்கும் கட்டத்தில் இருந்தவர்களிடம் இது காணப்படவில்லை, அங்கே உயர்வாக நினைப்பவரே எல்லோருக்கும் வேண்டியவர். கல்யாணம் ஆன பிறகுதான் ‘என்னைச் சரியாகப் புரிந்துவைத்திருப்பவர்’ என்ற நிம்மதிக்கு இந்த விலையைக் கொடுக்கிறார்கள். தன்னை மட்டமாக நினைக்கும் ஒருவரை வெறுமனே புகழ்ந்து தூக்கிவிட முடியாததற்கும் காரணம் இதில் இருக்கிறது. அந்தப் புகழ்ச்சி தன்னைத் தெரியாத யாரோ சொல்வதாக அவர் காதில் விழும்.

பொறுப்பு கையைவிட்டுப் போகும்போதுதான் அது எவ்வளவு ஆழமாக வேர்விட்டிருந்தது என்று தெரியும். ஓய்வு பெற்றவர்கள், மணமுறிவு ஆனவர்கள், பிள்ளைகள் வெளியேறிய வீட்டில் தனியாக இருக்கும் பெற்றோர் எல்லோருக்கும் இந்த அனுபவம் உண்டு. ஹெலன் ஈபா என்ற சமூகவியலாளர் முன்பு கன்னிகாஸ்திரீயாக இருந்து வெளியே வந்தவர். இப்படி ஏதோ ஒன்றை விட்டு வந்த 185 பேரைப் பேட்டி கண்டு 1988-இல் ஒரு நூல் எழுதினார். அவர்கள் சாதாரணமாக வேறு ஒரு ஆளாக மாறிவிடுவதில்லை. ‘முன்னாள்’ என்ற புதிய பாத்திரத்துக்குள் போகிறார்கள். நாம் விட்டுவிட்டாலும் பார்ப்பவர்கள் விடுவதில்லை, பழைய அடையாளத்தை வைத்தேதான் பேச்சைத் தொடங்குவார்கள்.

இழப்பு ஒருவரை எவ்வளவு சாய்க்கும் என்பது, அவர் தன்னை எத்தனை தனித்தனி இடங்களில் வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது என்று பட்ரீசியா லின்வில் 1980-களில் வாதிட்டார். பின்னால் வந்த முடிவுகள் கலவையானவை, அதனால் இதை மருந்துச் சீட்டாக நான் எழுதித்தரமாட்டேன். ஆனால் அவர் அழுத்திச் சொன்ன ஒரு விஷயம் பயனுள்ளது: எண்ணிக்கை மட்டும் போதாது, அவை ஒன்றோடொன்று ஒட்டாமலும் இருக்கவேண்டும். அலுவலக நண்பர்களோடு விளையாட்டு, அலுவலக நண்பர்களோடு சுற்றுலா, அலுவலக நண்பர்களோடு அரட்டை என்றால், பார்வைக்கு மூன்று வாழ்க்கைபோல இருந்தாலும் வேலை போகும் அன்று மூன்றும் சேர்ந்தே போகும்.

கடைசியாக, மற்றவர்களின் பார்வையை முழுக்க ஒரு அழுத்தமாக மட்டும் பார்க்கவேண்டாம் என்று சொல்வேன். சில விஷயங்களில் அவர்களுக்குத்தான் நம்மை நன்றாகத் தெரியும். சிமின் வசீர் 2010-இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பிரித்துக் காட்டியது. உள்ளுக்குள் எவ்வளவு பதற்றப்படுகிறோம் என்பதைப் போன்றவற்றில் நம் மதிப்பீடே சரியாக இருந்தது. புத்திசாலித்தனம், படைப்பாற்றல் போன்ற, மானம் மரியாதையோடு ஒட்டிய குணங்களில் நண்பர்களின் மதிப்பீடு நம்முடையதைவிடச் சோதனை முடிவுகளுக்கு நெருக்கமாக வந்தது. எனவே ‘நீ எதற்கும் பயப்படாத ஆள்’ என்று எல்லோரும் சொல்லும்போது உங்களுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தால், உங்களையே நம்புங்கள். ஆனால் ‘இந்த வேலைக்கு எனக்கு மூளை போதாது’ என்று நீங்கள் சொல்லி, கூடவே இருந்து பார்த்த இரண்டு நண்பர்கள் இல்லை என்று மறுத்தால், அவர்கள் சொல்வதற்குக் கொஞ்சம் இடம் கொடுக்கலாம். அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று ஊகித்துக்கொண்டு உட்காராமல், வாயைத் திறந்து கேட்டால்தான் அது தெரியவரும். ‘என்னைப் பற்றி என்ன நினைக்கிறாய்’ என்று பொதுவாகக் கேட்டால் எல்லோரும் மழுப்புவார்கள். ‘போன வாரக் கூட்டத்தில் நான் பேசியது உனக்குப் புரிந்ததா, எங்கே தடுமாறினேன்’ என்று கேட்டுப் பாருங்கள்.